மீனில்லாத நாளில் மிளகுத் தண்ணீர்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சிக்கனத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது எளிது. அதனை அடுப்படியில் செய்து காட்டுவது அரிது. இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தது ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், ஆந்திர எல்லைக்கு முன்னுள்ள ஊர் அது. அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் வாழ்வோர்க்கு ஏரியே கழனி, வலையே ஏர்.

சென்ற கோடையில் சங்கக் கணக்குகளைப் பார்வையிட அப்பக்கம் சென்றிருந்தோம். அலுவல் முடிந்தபின் பெண் அங்கத்தினர் சிலருடன் பேசிக்கொண்டிருந்தோம். சேமிப்புப் புத்தகங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே கதை. மீன் நன்கு கிடைத்த வாரத்தில் கட்டிய பணம், கிடைக்காத வாரத்தில் சிறிது சிறிதாக வெளியேறியிருந்தது. நாமும் வழக்கம்போல் சேமிப்பின் சிறப்பை எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டிருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, மிச்சம் பிடிக்கச் சொல்றீங்க, சரி. மீனில்லாத அன்னிக்குக் குழம்புச் சட்டியில என்னத்தப் போடுறது?" என்று வினவினார்.

நம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இப்பாடம்.

1. வெறும் சட்டியின் கணக்கு

ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைச் சில குப்பத்தார் 'பாடு' என்னும் முறைப்படிச் சீட்டுப் போட்டுத் தமக்குள் பகிர்ந்துகொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். முறை வந்த நாளில் வலையில் செல்வம். வராத நாளில் வெறும் வலை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால், கடலிலிருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வருவது குறைந்துவிடும். கடலிலோ, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. விசைப்படகில் கூலிக்குச் செல்வோர் அந்நாட்களில் கரையில் இருக்கவேண்டியதே.

மீனவர்க்கு மட்டும் உரியது அன்று இத்துன்பம். அடைமழையில் பாவு உலராமல் தறி நிற்கும் நாட்களை நெசவாளர் அறிவர். விதைத்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கும் நாட்களை உழவர் அறிவர். இந்நாட்களில்தான் கடையில் கடன் ஏறுகிறது. கடைச் சாப்பாட்டுப் பொட்டலமும், பொடிப் பாக்கெட்டுகளும், குழந்தைகள் கையில் தின்பண்டமும் வீட்டிற்குள் நுழைகின்றன. வருவாய் குறைந்த நாளிலேயே செலவு மிகுவது எவ்வளவு முரண்! அதனைத் தடுக்க வல்லது ஒரு சட்டி மிளகுத் தண்ணீர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் மேலே படிப்பார்களாக.

2. துணி கொடுத்து மிளகு வாங்கிய கரை

மிளகுத் தண்ணீர் நம் பாட்டிமார் கைப்பழக்கம். ஆயினும் அது உலகம் சுற்றிய உணவு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர், உணவின் தொடக்கத்தில் சூப்பு அருந்தும் தம் வழக்கத்தை விடவில்லை. அவர்களுடைய தமிழ்ச் சமையற்காரர்கள் நம் மிளகுத் தண்ணீரில் காய்கறியும் இறைச்சியும் சேர்த்துக் கெட்டியாக்கிப் பரிமாறினர். 'முல்லிகடானி' என்னும் பெயரில் அது சீமை வரை சென்றது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அச்சொல்லின் வேர் தமிழே எனக் குறித்துள்ளது. சென்னை மாகாணத்து ஆங்கிலேய அதிகாரிகளுக்கு 'முல்' என்ற பட்டப்பெயரே இதனால் வழங்கியது.

பழவேற்காட்டிற்கும் மிளகிற்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்கள் நாடி வந்தது நம் நெசவாளர் நெய்த துணியை. கிழக்கிந்தியத் தீவுகளில் அத்துணியைக் கொடுத்து மிளகு முதலிய வாசனைப் பொருள்களை வாங்கினர். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு 'புலிகாட்' என்ற பெயர் ஆங்கிலத்தில் நிலைத்ததும் இவ்வூரால்தான். தறியில் பிறந்த துணி மிளகை விலைக்கு வாங்கிய கரை இது.

போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்க நாட்டு மிளகாய் இங்கு வருமுன், நம் சமையலின் காரத்திற்கு மிளகே பெருந்துணை. மிளகைப்போல் காரமுள்ள காய் என்பதாலேயே அதற்கு 'மிளகாய்' என்று பெயரிட்டனர் நம் முன்னோர்.

3. தேவையான பொருள்கள் (நால்வர்க்கு)

துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு: 100 கிராம்
காய்கள்: 250 கிராம் (சுரை, பரங்கி, அவரை, கேரட் முதலியவற்றுள் மலிவானவை)
முருங்கைக்கீரை: இரு கைப்பிடி
சின்ன வெங்காயம்: 10; பூண்டு: 6 பல்
தக்காளி: 2, அல்லது சிறு நெல்லிக்காய் அளவு புளி
மிளகு: 1½ தேக்கரண்டி
சீரகம்: 1 தேக்கரண்டி
கொத்துமல்லி விதை: 2 தேக்கரண்டி
மஞ்சள்தூள்: ¼ தேக்கரண்டி
எண்ணெய்: 2 தேக்கரண்டி
கடுகு, கறிவேப்பிலை, உப்பு: வேண்டிய அளவு
எலுமிச்சம்பழம்: அரை மூடி
தண்ணீர்: ஏறத்தாழ 1¼ லிட்டர்

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மிளகைப் பாதியாகக் குறைக்கலாம்.

4. செய்முறை

முதலாவது: பருப்பைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூள் சேர்த்துக் குழைய வேகவிடுக. ஏரிக்கரைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. உவரும் கடினத்தன்மையும் மிக்க நீரில் பருப்பு எளிதில் வேகாது. ஆகவே ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிநீரையே பயன்படுத்துக. வெந்த பருப்பை நன்கு மசித்து வைக்க.

இரண்டாவது: மிளகு, சீரகம், கொத்துமல்லி ஆகியவற்றை வெறும் சட்டியில் இளந்தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியபின் கொரகொரப்பாக இடிக்க. கருகவிட்டால் கசக்கும்.

மூன்றாவது: எண்ணெயில் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, வெங்காயம் சேர்த்து வதக்குக. பின்னர்க் கடினமான காய்களை முதலிலும் மென்மையானவற்றை அடுத்தும் இட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வேகவைக்க.

நான்காவது: காய் வெந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே தக்காளியையோ புளிக்கரைசலையோ சேர்க்க.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த முறை ஆரம்பாக்கம் சென்றபோது, மகளிர் முன்னிலையில் நாமே சமைத்துக் காட்டத் துணிந்தோம். புளியை முதலிலேயே ஊற்றிவிட்டோம். அரைமணி கழிந்தும் அவரைக்காய் வேகவில்லை. முன்பு வினா எழுப்பிய அதே மூதாட்டி, "புளியை முந்தி ஊத்துனா காய் வேகுமாய்யா?" என்றார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். பட்டப் படிப்பில் கிட்டாத பாடம் அங்கே கிட்டியது. காயின் நாரைப் பிணைத்திருக்கும் பசைப்பொருள் வெந்நீரில் இளகும். புளிப்பு நீரில் அவ்வளவு விரைவில் இளகாது. அம்மூதாட்டி இக்காரணத்தைக் கூறவில்லை. ஆனால் விளைவை நம்மினும் நன்கறிந்திருந்தார்.

ஐந்தாவது: புளிப்பின் பச்சை வாடை நீங்கியதும், மசித்த பருப்பு, கீரை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுக. இடித்த பொடியை இறுதியில் தூவி, நுரை கட்டி எழும்போதே இறக்கி மூடுக. மிளகின் மணம் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. நெடுநேரம் கொதித்தால் காரம் மட்டும் நிற்கும், மணம் பறந்துவிடும்.

ஆறாவது: இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் எலுமிச்சஞ்சாறு பிழிக. அதிலுள்ள 'சி' உயிர்ச்சத்து கொதியில் அழியக்கூடியது.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலும் அலுமினியப் பாத்திரத்திலும் புளியைக் கொதிக்கவிடலாகாது. மண்சட்டியோ எவர்சில்வரோ ஏற்றது.

5. இதில் சத்து உண்டா?

தெளிந்த நீரை மட்டும் இறுத்துக் குடித்தால் நாவுக்கு இதம். உடலுக்குப் பயன் சிறிதே. மீனுக்கு ஈடாக வேண்டுமாயின் பருப்பு அதில் இருத்தல் வேண்டும். 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம் தேறும். ஒரு துண்டு மீன் தருவதைவிட இது குறைவே என்பதை மறைக்கவில்லை. ஆகவே அன்றைய உணவில் ஒரு முட்டையோ, ஒரு பிடி வேர்க்கடலையோ, சுண்டலோ சேரவேண்டும்.

2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. எலுமிச்சையின் புளிப்பு அதனை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. உண்டவுடன் தேநீர் அருந்துவது அதற்குத் தடை செய்கிறது. ஆதலால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நலம். மீனில்லாத அன்று வீட்டுப் பெண்கள் மற்றவர்க்கெல்லாம் பரிமாறிவிட்டு வெறும் சோற்றோடு எழுந்துவிடுவதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். சட்டியின் அடியில் தங்கும் பருப்பும் கீரையும் அவர்களுக்கும் உரியவை என்பதை ஆண் அங்கத்தினர்கள் மறவாதிருப்பார்களாக.

6. சங்கம் செய்யத்தக்கது

இப்பொருள்களுள் விலை மிக்கது மிளகு. சில்லறையாகப் பத்துப் பத்துக் கிராமாக வாங்குவோரே மிகுந்த விலை கொடுப்பவர். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து முழு மிளகை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால், இடைவிலை மிச்சமாகும். ஈரம் படாத முழு மிளகு நெடுங்காலம் கெடாது. பொடித்தது நாளுக்கு நாள் மணம் இழக்கும். ஆகவே ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்க.

வாங்கும்போது கலப்படத்தைச் சோதிக்கவேண்டும். ஒரு டம்ளர் நீரில் சிறிது மிளகை இடுக. நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை.

சுரையும் பரங்கியும் மிகுதியாக விளைந்து விலைபோகாத நாளில், உழவர் அங்கத்தினர் அவற்றைச் சங்கத்திற்குக் கொணர்ந்தால், நெசவாளர் வீட்டுச் சட்டியும் மீனவர் வீட்டுச் சட்டியும் நிரம்பும். உழவர்க்கும் நட்டம் குறையும். 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினர். அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கிராம நாணயச் சங்கம் பதிவாயிற்று. நல்ல சரக்கு, சரியான நிறை, வட்டிக்கடையினின்று விடுதலை ஆகியவையே அவர்கள் நாடியவை. நாம் நாடுவதும் அவையே.

பாடு முறையில் ஏரியையே பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு மூட்டை மிளகைப் பகிர்ந்துகொள்வது அரிதன்று. ஆரம்பாக்கத்து மூதாட்டிக்கு நாம் தரும் விடை இதுதான்: மீனில்லாத அன்று, அம்மா, பருப்பையும் கீரையையும் போடுங்கள், புளியைப் பிந்தி ஊற்றுங்கள், சேமிப்புப் புத்தகத்தைப் பெட்டியிலேயே இருக்கவிடுங்கள்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. சென்ற மாதத்தில் உங்கள் வீட்டில் வருவாய் இல்லாத நாட்கள் எத்தனை? அந்நாட்களில் உணவுக்குக் கடையில் செலவிட்டது எவ்வளவு?

2. மேற்கண்ட பொருள்களின் விலையை உங்களூர்ச் சந்தையில் விசாரித்து, நால்வர்க்கு ஒரு வேளைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுக. முதல் வினாவின் விடையோடு ஒப்பிடுக.

3. புளிப்பை ஏன் இறுதியில் சேர்க்கவேண்டும்? பொடியை ஏன் நெடுநேரம் கொதிக்கவிடலாகாது?

4. உங்கள் சங்கத்தில் மிளகும் பருப்பும் மொத்தமாக வாங்க எத்தனைக் குடும்பங்கள் முன்வரும்? அடுத்த கூட்டத்தில் பெயர்ப்பட்டியல் தயாரிக்க.