டெமோ கிளாஸில் ஜெயிக்க ஒரு மூன்று நிமிட வீடியோ

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை காலி என்றால், பி.எட். முடித்த எத்தனை பேர் பயோடேட்டாவோடு வந்து நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லோரிடமும் அதே டிகிரி, ஏறக்குறைய அதே மார்க். கரஸ்பாண்டன்ட் முன்னால் டெமோ கிளாஸ் எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் யார் தேறுவார் என்பது முடிவாகிறது. அந்த நேரத்தில் நீங்களே எடுத்த ஒரு குட்டி வீடியோவைப் போட்டு, அதை வைத்துப் பாடம் நடத்திக் காட்டினால் மற்றவர்களைவிட நீங்கள் ஒரு படி மேலே. அதிலும் கிளென்மார்கன் மாதிரி எஸ்டேட் ஊரிலிருந்து வருகிறவரிடம் சென்னைக்காரரிடம் இல்லாத சரக்கு இருக்கிறது. அதை எடுத்து வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

1. எதில் போட்டி போடக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் வீடியோ ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் பள்ளிக் கல்வித் துறை மணற்கேணி செயலியைக் கொண்டுவந்தது. பாடம் பாடமாக அனிமேஷன் வீடியோக்கள் அதில் இலவசம். அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் வீடியோக்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கான் அகாடமி வேறு இருக்கிறது. இத்தனைக்கும் மேல் நீங்கள் போய் ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன’ என்று பொதுவாக ஒரு வீடியோ எடுத்தால், இன்டர்வியூ எடுப்பவர் அதைப் பத்து முறை பார்த்திருப்பார். ஸ்டுடியோவோடு மோதாதீர்கள். ஸ்டுடியோவால் எட்ட முடியாத இடத்தில் நில்லுங்கள்.

2. ஒரு வீடியோவுக்கு ஒரு சந்தேகம் போதும். ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்லைன் கோர்ஸ் தரும் எட்எக்ஸ் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்துக்குள் கழன்றுகொள்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் தாங்களே விரும்பிச் சேர்ந்து படித்தவர்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு மூன்று நிமிடமே போதும்.

நீளத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெரிடாசியம் யூடியூப் சேனல் நடத்தும் டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் பிஎச்.டி.க்காக இதைத்தான் ஆராய்ந்தார். விஷயத்தைத் தெளிவாக, அழகாக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்றார்கள். டெஸ்ட் மார்க் அதிகம் நகரவில்லை. மாணவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் தப்பான எண்ணத்தை முதலில் எடுத்துப் போட்டு, பிறகு அதை உடைக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருந்தது’ என்றார்கள், மார்க் ஏறியது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாடத் தலைப்பைப் போடாதீர்கள். பிள்ளைகள் நம்பும் தப்பைப் போடுங்கள்.

3. உங்கள் ஊரே லேப். கிளென்மார்கனை வைத்தே செய்து காட்டுகிறேன்.

அணைத் தண்ணீரைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ‘கரண்ட் எடுத்த தண்ணியில சத்து இருக்காது.’ வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் தேறாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதுதான் உங்கள் முதல் இருபது விநாடி. கேமராவைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். திரையில் ‘ஆம், இல்லை’ இரண்டையும் காட்டுங்கள். வீடியோ அங்கே நிற்கட்டும்.

அடுத்து தண்ணீர் போகும் வழி. பைக்காரா தண்ணீர் கிளென்மார்கன் தேக்கத்துக்கு வந்து, மலைச்சரிவில் இரும்புக் குழாய்களில் இறங்கி, அடிவாரத்தில் சிங்காரா பவர் ஹவுஸுக்குப் போகிறது. 1932இல் ஓடத் தொடங்கிய பவர் ஹவுஸ் அது. இறக்கம் 3,000 அடிக்கும் மேல், அதாவது 900 மீட்டருக்கும் கூடுதல். அங்கே டர்பைனைச் சுற்றிய அதே தண்ணீர் மரவகண்டிக்குப் போய், மாயார் பவர் ஹவுஸில் மறுபடி கரண்ட் தருகிறது. பிறகு மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்குப் போகிறது. அங்கிருந்து ஈரோட்டு வயல்களுக்கு. ‘சத்து போயிருந்தால் இரண்டாவது பவர் ஹவுஸ் எப்படி ஓடியது?’ என்று கேளுங்கள். தண்ணீர் இழந்தது உயரத்தை மட்டும்தான் என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் பிடிபடும். நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்ற வார்த்தைகளை அதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் அல்ல.

இப்போது ஒரே ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 900 மீட்டர் இறங்கினால் 1 × 9.8 × 900, அதாவது 8,820 ஜூல். 9 வாட் எல்இடி பல்பு விநாடிக்கு 9 ஜூல் தின்னும். வகுத்தால் 980 விநாடி. குழாயிலும் மெஷினிலும் போகும் நஷ்டத்தைக் கழித்தாலும், ஒரு வாட்டர் பாட்டில் தண்ணீர் வீட்டு பல்பை ஏறக்குறைய கால் மணி நேரம் எரிக்கும். கையில் ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லுங்கள். நம்பர் மனதில் ஒட்டும்.

குழாயின் அடியில் அழுத்தம் அதிகம் என்று காட்ட, பாட்டிலில் மூன்று ஓட்டை போடும் பழைய சோதனையைச் செய்யலாம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பாட்டிலைத் தரையில் வைத்து எடுத்தால் நடு ஓட்டைத் தண்ணீர்தான் அதிக தூரம் விழும். அடி ஓட்டைத் தண்ணீர் வேகமாக வந்தாலும், விழுவதற்கு உயரம் இல்லாமல் உடனே தரையைத் தொட்டுவிடும். ‘கீழே இருப்பது தூரம் போகிறது பாருங்கள்’ என்று வாய்ஸ் ஓவர் சொல்ல, படம் வேறு ஒன்றைக் காட்டும். இன்டர்வியூ பேனலில் ஒரு பிசிக்ஸ்காரர் இருந்தால் கதை முடிந்தது. பாட்டிலில் தண்ணீர் நிற்கும் உயரத்துக்காவது ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் வைத்து எடுங்கள். அப்போது அடி ஓட்டை ஜெயிக்கும். முடிந்தால் இரண்டையும் எடுத்து, ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை வைத்தே முழு டெமோ கிளாஸும் நடத்தலாம்.

அணை, பவர் ஹவுஸ், மலைச்சரிவில் ஏறி இறங்கும் வின்ச் பாதை எல்லாம் மின்வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. கீழே புலிகள் காப்பகம். அனுமதி வாங்காமல் உள்ளே போய் எடுக்காதீர்கள். டிரோன் நினைப்பே வேண்டாம். பொது ரோட்டிலிருந்து தெரியும் மலைச்சரிவு ஒரு ஷாட் போதும். மீதியைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரையுங்கள். கை வரைய வரையக் கோடு நீள்வதைப் பிள்ளைகள் கண் விடாமல் பார்ப்பார்கள். ரெடிமேட் படத்துக்கு அந்த ஈர்ப்பு கிடையாது.

4. சத்தத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். குரலில் இரைச்சல் கலந்தால் உடனே தள்ளிவிடுவார்கள். ஒரு சாதாரண காலர் மைக் வாங்குங்கள். தென்மேற்குப் பருவமழை நேரத்தில் தகரக் கூரைக்கு அடியில் ரெக்கார்ட் செய்தால் அத்தனையும் வீண். கம்பளி தொங்கும் சின்ன அறையில் இரவில் வாய்ஸ் ஓவர் எடுங்கள். வெளி ஷாட்டுகளைக் காலையிலேயே முடியுங்கள்; மூட்டம் இறங்கினால் எதிரே இருக்கும் மலை காணாமல் போய்விடும்.

5. திரையில் எழுதியதை வாயாலும் வாசிக்காதீர்கள். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதித்துச் சொன்ன விதி இது: படத்தோடு குரல் இருந்தால் கற்றல் நன்றாக நடக்கும், அதே வாக்கியம் எழுத்தாகவும் ஓடினால் கவனம் சிதறும். கலைச்சொல்லை மட்டும் எழுதுங்கள். பின்னணி இசையை எடுத்துவிடுங்கள்.

6. வகுப்பில் வீடியோவை ஓடவிட்டு நாற்காலியில் உட்காரும் டீச்சரை எந்த ஹெச்.எம்.மும் மதிக்க மாட்டார். மூன்று நிமிட வீடியோவுக்கு இரண்டு இடத்தில் நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாப் பிள்ளைகளும் நோட்டில் தங்கள் கணிப்பை எழுத வேண்டும். கை தூக்கும் நான்கு பேரின் பதில் மட்டும் உங்களுக்குப் போதாது. வீடியோ முடிந்த பிறகு பாட்டிலும் வாளியும் மேசைக்கு வர வேண்டும். டெமோ கிளாஸில் பேனல் பார்ப்பது வீடியோவை அல்ல, அதை நிறுத்திய பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை.

எஸ்டேட் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. ஃபைலை சின்னதாக்கி, போனிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொண்டே போங்கள். ‘சார், நெட் வரல’ என்று இன்டர்வியூவில் சொல்லி நிற்காதீர்கள். வீட்டில் படுகு பேசும் பிள்ளை, லைன் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, இங்கிலீஷ் மீடியம் பிள்ளை மூவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். படம் ஒன்றே இருக்கட்டும். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் தனித்தனிக் குரல் போட்டு இரண்டு வெர்ஷன் வைத்திருங்கள். ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ இரண்டு பக்கமும் கதவு தட்டலாம்.

7. ரிசல்ட்டைக் காட்டுங்கள். வீடியோவுக்கு முன் ஐந்து கேள்வி, ஒரு வாரம் கழித்து அதே ஐந்து கேள்வி. எத்தனை பேர் மாறினார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். வியூஸ் எண்ணிக்கையைவிட இந்தத் தாள் கனமானது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் இன்கிரிமென்ட் பேசப் போகும்போதும் இதையே எடுத்துப் போகலாம். இப்படி நான்கு வீடியோ, நான்கு தாள் சேர்ந்தால் அதுதான் உங்கள் போர்ட்ஃபோலியோ. நாற்பது வேண்டாம், நாற்பதைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

8. கடைசியாக, பேப்பர் வேலை. பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். இல்லையேல் கைகளை மட்டும் காட்டுங்கள். கூகுளில் கிடைத்த படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அரசுப் பள்ளியில் இருப்பவர், சேனல் தொடங்கிப் பணம் வாங்கும் முன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். யூடியூப் விளம்பரப் பணத்தை நம்பி வேலையை விடாதீர்கள்: 1,000 சப்ஸ்கிரைபரோடு ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஊர்ப் பாடத்துக்கு அது எளிதில் வராது. எட்-டெக் கம்பெனி கூப்பிட்டால் போங்கள், ஆனால் பைஜூஸ் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனதை நினைவில் வையுங்கள். மாதச் சம்பளமா, வீடியோவுக்கு இவ்வளவா, ஸ்கிரிப்ட் உரிமை யாருக்கு, உங்கள் பெயர் திரையில் வருமா, வேலையை விட்ட பிறகு அந்த வீடியோவைச் சாம்பிளாகக் காட்டலாமா: இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆஃபர் லெட்டரிலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், அன்று மாலையே அதை ஒரு மெயிலாக அடித்து அவர்களுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.