சிறுகலத்திற்கு விசையும் ஒளியும் வண்ணமும்

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். பரந்து கிடத்தலின் அப்பெயர் பெற்றது என்பர். மதுரைக்கு வடமேற்கே வையையை அடுத்துள்ள பரவை என்னும் ஊரிலோ கடல் இல்லை. கண்மாய் ஒன்றே உண்டு. அதுவும் மழை பொய்த்த ஆண்டில் வறண்டு விடும். எனினும் அக்கண்மாயில் நீர் நிறைந்து நிற்குங்கால், கரையிலிருந்தே வானொலி அலையால் செலுத்தப்படும் சிறுகலம் ஒன்றை மிதக்கவிடல் வேண்டும் என்னும் அவா எம்மிற் சிலருக்கு உண்டாயிற்று. அதன் பொருட்டு யாம் கற்றவற்றையும் வகுத்த திட்டத்தையும் ஈண்டுத் தொகுத்து உரைக்கின்றோம்.

இக்கலை புதியதன்று. 1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்பார் நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்க மண்டபத்தில், நீர்த்தொட்டியொன்றில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு யாதுமின்றி அதனைத் திருப்பியும் செலுத்தியும் காட்டினார். அப்படகில் விளக்குகளும் இருந்தன. அவற்றையும் அவர் தொலைவிலிருந்தே ஒளிரச் செய்தார். அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில், கப்பல் மாதிரி சமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்து வருகின்றது. ஆதலின் இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குதல் பொருந்தாது.

1. அளவும் எடையும்

எக்கலத்தை மாதிரியாகக் கொள்வது என்பதே முதல் வினா. போர்க்கப்பல் காட்சிக்கு இனியதே. ஆயினும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் நாம் கண்ணாற் கண்ட மீன்பிடி விசைப்படகே யாம் தேர்ந்தது. 12 மீட்டர் நீளமும் 16 டன் எடையும் 8 கடல்மைல் வேகமும் உடைய படகொன்றைக் கொள்வோம். அதனைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கின் நீளம் 75 சென்டிமீட்டர் ஆகும்.

எடையும் அவ்வாறே பதினாறில் ஒன்றாகும் என்று கருதற்க. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குதலால், எடை 16 × 16 × 16, அஃதாவது 4096-இல் ஒரு பங்காகும். 16,000 கிலோவை 4096-ஆல் வகுப்பின் ஏறக்குறைய 3.9 கிலோ கிடைக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. கண்மாய் நீரில் நம் கலம் உரிய கோட்டளவே அமிழ வேண்டுமாயின், 3.8 கிலோவே அதற்குத் தக்க எடை. மிதக்கும் பொருள் தன் எடைக்கு ஒத்த நீரை விலக்கும் என்று ஆர்க்கிமிடீசு கண்ட விதி இங்கே கணக்காக நம்முன் வந்து நிற்கின்றது.

இந்த 3.8 கிலோவைப் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். உடலுக்கும் மேற்றளத்திற்கும் அறைக்கும் 1.5 கிலோ, மோட்டாருக்கும் அச்சுத்தண்டிற்கும் 400 கிராம், பாட்டரிக்கு 300, ரேடியோக் கருவிகட்கு 200, வண்ணத்திற்கு 100. எஞ்சிய 1.3 கிலோவை ஈயத் துண்டுகளாக அடிப்புறத்தில் வைத்தல் வேண்டும். பாரம் தாழ இருப்பின் கலம் சாய்ந்தாலும் நிமிரும்; மேலே ஏறின் சிறு காற்றிற்கும் கவிழும்.

2. விசை

சிறுகலத்தை மிகு விரைவாக ஓட்டுதல் இளைஞர்க்கு இயல்பான ஆசை. ஆயினும் உண்மைப் படகு எழுப்பும் அலையை மாதிரியும் எழுப்ப வேண்டுமாயின், வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தல் வேண்டும் என்பது வில்லியம் புரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் நிறுவிய விதி. 16-இன் வர்க்கமூலம் 4. ஆகவே 8 கடல்மைல் வேகம் 2 ஆகும். அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். மனிதர் மெல்ல நடக்கும் நடையே அது.

இந்நடைக்கு அதிவேக மோட்டார் வேண்டுவதில்லை. 6 வோல்ட்டில் மெல்லச் சுழன்று, பெரிய விசிறியைத் திருப்பவல்ல மோட்டாரே தக்கது. மோட்டாரும் அச்சுத்தண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமைதல் வேண்டும். பிறழின் மின்சாரம் வீணாகி ஓசையும் சூடும் மிகும். தண்டு செல்லும் குழாயிற் கிரீசை நிரப்பின் நீர் உட்புகாது. படகைத் தொட்டியில் கயிற்றாற் கட்டி முழு விசையில் ஓட்டி, மோட்டார் உண்ணும் மின்சாரத்தை அம்மீட்டரால் அளந்து, அதனிற் சிறிது மிகுந்த அளவுள்ள பியூஸ் ஒன்றை இடுதல் நன்று. ஆகாயத்தாமரைக் கொடி விசிறியிற் சுற்றி மோட்டார் நின்றுவிடின், மின்சாரம் பன்மடங்கு பாயும். அப்பொழுது பியூஸ் இல்லையேல் கம்பியே எரியும்.

மோட்டார் 2 ஆம்பியர் உண்பதாகவும், பாட்டரி 3 ஆம்பியர்-மணி உடையதாகவும் கொள்வோம். கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் ஓடும். ஆயினும் மூன்றில் இரு பங்கையே செலவிட்டு, ஒரு மணி நேரத்தில் கரைசேர்த்தல் அறிவுடைமை. தூரிகை பொருந்திய மோட்டாரிற் பொறி தோன்றி ரேடியோவைக் கலக்கும். அதன் முனைகளில் 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கிகளைப் பற்றவைத்து அதனை அடக்கலாம். ரேடியோவின் ஏற்புக்கம்பி நீர்மட்டத்தின் மேலே இருத்தல் இன்றியமையாதது. இக்காலத்து வழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விரைந்து விழுங்கிவிடும்.

3. ஒளி

இனி விளக்குகளைப் பற்றிக் கூறுவாம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிற் கலங்கரை விளக்கம் பேசப்படுகின்றது. அது கரையினின்று கலத்தை அழைக்கும் ஒளி. கலம் தன்னிடமிருந்து காட்டும் ஒளியோ, இருளில் வரும் பிற கலத்தோடு பேசும் மொழி. 1972-இல் வகுக்கப்பெற்று 1977-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக விதிகள் அம்மொழிக்கு இலக்கணம் போன்றன.

கலத்தின் வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு. ஒவ்வொன்றும் நேர்முன்னிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை தெரியும். அமரத்திலுள்ள வெள்ளை விளக்கு பின்புறம் 135 பாகை தெரியும். மூன்றையும் கூட்டின் 360 ஆதல் காண்க. பாய்மரத்து வெள்ளை விளக்கு முன்புறமாக 225 பாகை தெரிதல் வேண்டும். இழுவலை இடுங்கால் பச்சையும் அதன்கீழ் வெள்ளையுமாக, எத்திசையினும் தெரியும் இரு விளக்குகள் ஏற்றப்படும்.

இப்பாகைகளின் பயன் யாது? எதிரே சிவப்பும் பச்சையும் ஒருங்கே தோன்றின் ஒரு கலம் நேரே நம்மை நோக்கி வருகின்றது. அப்பொழுது இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். சிவப்பு மட்டும் தோன்றின் அதன் இடப்புறத்தைக் காண்கின்றோம். நம் வலப்பக்கத்தே அவ்வாறு குறுக்கிட்டு வருவதற்கு நாமே வழிவிடுதல் வேண்டும். நள்ளிரவில் வலை இழுக்கும் மீனவர் நால்வர் ஐவரின் உயிர் இவ்வறிவைப் பற்றி நிற்கின்றது. விளக்கொன்று அவிந்து கிடக்குமாயின், பெருங்கப்பலின் காவலர் அப்படகைக் காணாமலே அதன்மேற் செல்லக்கூடும். ஆதலால் மாதிரியிலும் விளக்கை அணிகலனாக எண்ணி மனம்போன நிறத்தில் வைத்தல் தகாது.

செய்முறை எளிது. எல்.ஈ.டி. விளக்குகளை மின்தடையின்றி இணைத்தலாகாது. 6 வோல்ட்டிலிருந்து விளக்கு ஏற்கும் வோல்ட்டைக் கழித்து, மின்சார அளவால் வகுத்திடுக. சிவப்பு 2 வோல்ட் ஏற்கும். 10 மில்லியாம்பியர் செலுத்த 400 ஓம் வேண்டும். வெள்ளை 3 வோல்ட் ஏற்கும். அதற்கு 300 ஓம். ஆறு விளக்கும் சேர்ந்து 60 மில்லியாம்பியரே உண்பன; மோட்டாரின் செலவில் முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைவு. பக்க விளக்குகளின் பின்னே மங்கிய கருமை பூசிய பலகையை நிறுத்தின், ஒளி மறுபுறம் கசியாது. முதல் வாய்க்கால் சுக்கானுக்கும், இரண்டாவது மோட்டாருக்கும், மூன்றாவது விளக்குகட்கும் ஆகுக.

4. வண்ணம்

வண்ணம் பூசுதலை முதலிற் செய்ய விழைவார் பலர், அது முறையன்று. எல்லாப் பாரத்தையும் ஏற்றித் தொட்டியில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலாற் குறித்துக்கொள்ளல் வேண்டும். விளக்குக்குரிய துளைகளும் முன்னரே இடப்படுக. பின்னர் மக்குப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, உலர்ந்தபின் நீர்தொட்டு மீண்டும் தேய்த்திடுக. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சு நன்று. வெளிர் நிறத்தை முன்னும் அடர் நிறத்தை அதன்பின்னும் பூசுதல் எளிது. எனாமலின்மேற் செல்லுலோஸ் வகை வண்ணத்தைப் பூசின் அடிப்பூச்சுச் சுருங்கிக் கிளம்பும்.

நீர்க்கோட்டின்கீழ்ச் செம்பழுப்பு நிறம் வழங்குவதற்கும் காரணம் உண்டு. சிப்பியும் பாசியும் பற்றாதவாறு செப்பு உயிரகம் கலந்த பூச்சைக் கப்பலடியிற் பூசுதல் மரபு. நம் மாதிரிக்கு அந்நிறம் மட்டும் போதும். அந்நஞ்சு கண்மாய்க்கு வேண்டா. மேற்புறத்திற்கு உண்மைப் படகின் புகைப்படத்தைப் பார்த்து நிறம் கொள்க. இறுதியில் மங்கலான வார்னிஷ் பூசுக. சிறு பொருளில் மிகுந்த பளபளப்பு பொய்யாகத் தோன்றும்.

5. ஓர் எச்சரிக்கை

அலைத்தொடர்பு அறுமாயின் மோட்டார் தானே நிற்குமாறு ஏற்புக்கருவியை முன்னரே அமைத்தல் வேண்டும். நின்ற கலத்தைக் காற்று காலந்தாழ்த்தேனும் ஒரு கரையில் ஒதுக்கும். அதனைப் பிடிக்க நீந்திச் செல்லுதல் கூடாது. கண்மாயின் அடியில் மண் அள்ளிய பள்ளமும் சேறும் கொடியும் உண்டு. நீந்தத் தெரிந்தவரையும் அவை விடா. மிதவை கட்டிய நீண்ட கயிற்றை உடன் கொண்டு செல்க. அதுவும் எட்டாதாயின் காத்திருக்க. கலம் போயின் வேறொன்று செய்து கொள்ளலாம். தோழன் ஒருவனை இழந்தால் அவன் வீட்டாருக்கு நாம் என்ன விடை கூறுவோம்?

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், கடலில்லா இம்மாநகரைப் பாடும் நூலிலும் நெடுங்கொடி அசைய வரும் நாவாய்களைப் பாடாது விட்டாரல்லர். அவர் வழிவந்த நாமும் கணிதமும் பௌதிகமும் கைத்தொழிலும் ஒருங்கே பயிலுதற்கு இச்சிறுகலத்தைக் கருவியாகக் கொள்ளலாம். தமிழ் வகுப்பினரும் அறிவியல் வகுப்பினரும் கூடி, வரும் மழைக்காலத்திற் கண்மாய் நிரம்பும் முன்னர் இம்முயற்சியைத் தொடங்குவோமாக.