வானளக்கும் கோல்

நுழையும்முன்

நிலத்தை அளக்கக் கோலும் கயிறும் போதும். கோல் எட்டாத வானத்தை எவ்வாறு அளப்பது? கதிரவனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தொலைவையே வானியலாளர் அளவுகோலாக்கினர். அக்கோலின் நீளத்தை அறிய மேற்கொண்ட முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

வானியல் அலகு

புவிக்கும் கதிரவனுக்கும் இடையேயுள்ள சராசரித் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். இதுவே ஒரு வானியல் அலகு. இவ்வலகால் அளந்தால், கதிரவனிலிருந்து வியாழன் 5.2 அலகு தொலைவிலும் நெப்டியூன் 30 அலகு தொலைவிலும் உள்ளன. கோடிக்கணக்கில் நீளும் எண்கள் இவ்வாறு சுருங்கிவிடுகின்றன.

விகிதமும் நீளமும்

1619இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதி, கோள்களின் சுற்றுக்காலத்தைக் கொண்டு அவற்றின் தொலைவு விகிதத்தைக் கணிக்க உதவியது. ஆயினும் உண்மைத் தொலைவு புலப்படவில்லை. கதிரவக் குடும்பம், அளவுத்திட்டம் குறிக்கப்படாத நிலப்படமாகவே இருந்தது. ஏதேனும் ஒரு தொலைவு தெரிந்தால் ஏனைய அனைத்தும் தெரிந்துவிடும்.

அதற்கான வழியை 1716இல் எட்மண்ட் ஹாலி விளக்கினார். வெள்ளிக்கோள் சிலபொழுது கதிரவ வட்டத்தின் குறுக்கே கரும்புள்ளியாய் நகர்ந்து செல்லும். இதனை வெள்ளி இடைநகர்வு என்பர். புவியின் வெவ்வேறு இடங்களிலிருந்து காண்போருக்கு அப்புள்ளி செல்லும் பாதை சற்றே வேறுபடும். கடக்கும் நேரமும் மாறும். அவ்வேறுபாட்டிலிருந்து கதிரவனின் தொலைவைக் கணிக்கலாம் என்றார் அவர்.

புதுச்சேரியில் ஒரு காத்திருப்பு

1761, 1769 ஆகிய ஆண்டுகளில் அவ்வாய்ப்புகள் அமைந்தன. தவறவிட்டால் ஒரு நூற்றாண்டுக்குமேல் காத்திருக்க வேண்டும். பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தி 1760இல் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்துசேருமுன் அந்நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761இல் இடைநகர்வு நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் நுட்பமாக அளக்க இயலவில்லை.

அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டுகள் கீழைக் கடற்பகுதிகளிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரியை அடைந்து வான்நோக்ககம் அமைத்தார். 1769 சூன் 4ஆம் நாள் காலை மேகம் கதிரவனை மூடியது. இடைநகர்வு முடிந்தபின்னரே வானம் தெளிந்தது. 1771இல் தாயகம் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகவே உறவினர் கருதியிருந்தனர்.

ஆயினும் பிறர் பிறவிடங்களில் அளந்தவை வீணாகவில்லை. அவற்றை ஒருங்கிணைத்துக் கணித்த மதிப்புகள் இன்றைய மதிப்பை நெருங்கி நின்றன. ஓரிடத்து மேகம் மறைத்ததை வேறிடத்துக் கண்கள் கண்டன. பல நாட்டார் ஒருங்கே உழைத்தமையால் கைகூடிய அளவு இது.

தெரிந்து தெளிவோம்

1961இல் வெள்ளிக்கு ரேடார் அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு இத்தொலைவு மேலும் துல்லியமாக அறியப்பட்டது. 2012இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு வானியல் அலகை 1,49,59,78,70,700 மீட்டர் என வரையறுத்தது. இத்தொலைவைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 8 நிமிடம் 19 நொடி ஆகும்.