நிவாரண ரயிலும் வீட்டு வேனும்

கோந்த்வாவில் எங்கள் குடியிருப்புக்கு வரும் சங்க அன்பர்கள், வாசலில் நிற்கும் டெம்போ டிராவலரைப் பார்த்துவிட்டு, "ரிடயரான பிறகு டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறீர்களா சார்?" என்று கேட்பதுண்டு. பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஆர்.டி.ஓ. ஒப்புதலுடன் பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, ரயில் பெட்டியில் உள்ளது போல இரண்டு பெர்த்தும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கூடுதலாக ஒரு பாட்டரியும் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது இதற்குக் கேரவன் என்று பெயர். வருடம் ஒருமுறை திருநெல்வேலிக்கு இதில்தான் போய் வருகிறோம். ஆபத்துக் காலத்தில் இத்தகைய வண்டி எவ்வாறு உதவும் என்று எழுதும்படி நம் ஆசிரியர் கேட்டார். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 செப்டம்பர் 25-ஆம் தேதி இரவைப் புனே வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கத்ரஜ் பக்கம் கொட்டிய மழையில் ஆம்பில் ஓடை கரை புரண்டு, அரண்யேஷ்வர், சகார்நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். என் மகள் அப்போது அங்கே தரைத்தளத்தில் குடியிருந்தாள். இரவு பத்தரை மணிக்கு டெலிபோன். "அப்பா, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போகிறோம்."

ஓடிப்போய் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. இரண்டு மாதமாக அசைக்காத வண்டி, பாட்டரி தீர்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டெப்னியில் காற்றில்லை, டீசல் முள் ரிசர்வில். முப்பது வருடத்திற்கு மேல் ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் இருந்தவன் நான். குடையோடு பின்னாலேயே வந்த என் மனைவி, "உங்க நிவாரண ரயிலும் இப்படித்தான் நின்னுதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் ஆட்டோ பிடித்துப் போய் மூவரையும் அழைத்து வந்தோம். அவர்கள் தெருவில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதைப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இரவு என் வண்டி கிளம்பியிருந்தால், இருட்டில் அந்த வெள்ளத்துக்குள் நேராக இறங்கியிருப்பேன். வண்டி கிளம்பாதது என் அசட்டை. அது கிளம்பாததால் நான் பிழைத்தது என் அதிர்ஷ்டம். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

விபத்து நிவாரண ரயிலைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். முக்கியமான ஸ்டேஷன்களில் ஓர் ஓரத்து லைனில் இது எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். விபத்துச் செய்தி வந்தால், பகலில் 30 நிமிடத்திற்குள்ளும் இரவில் 45 நிமிடத்திற்குள்ளும் கிளம்ப வேண்டும் என்பது விதி. மருத்துவ வண்டி இன்னும் கடுமை: இருபுறமும் வெளியேற வழியுள்ள சைடிங்கில் நின்றால் 15 நிமிடம், ஒருபுறம் மட்டும் என்றால் 20 நிமிடம். வண்டியின் ஒரு சாவி டாக்டரிடம். மற்றொன்று ஸ்டேஷனில் கண்ணாடிப் பெட்டியில். மருந்துகள் காலாவதியாகும் முன்பே மாற்றப்படும். நிஜ விபத்து இல்லாதபோதும் திடீரென்று சைரன் ஊதி ஒத்திகை பார்ப்பார்கள். அதில் உள்ள சாமான்களைவிட இந்தப் பழக்கந்தான் அதை ஓட வைக்கிறது. வீட்டு வண்டியிலும் சாமான்களை ஒரே நாளில் வாங்கி அடுக்கிவிடலாம். பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

முதலில் நிறுத்துமிடம். வண்டியின் முகம் வாசலைப் பார்த்திருக்கட்டும். முன்னால் வேறு வண்டி நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் பேஸ்மெண்டில் நிறுத்தவே வேண்டாம். தண்ணீர் முதலில் சேருமிடம் அதுதான்.

பாட்டரிக்கு வருகிறேன். ஓடாத வண்டியிலும் கடிகாரம், அலாரம் போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பாட்டரி மீட்டரில் 12.6 அளவு காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சாதாரண லெட் ஆசிட் பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இன்ஜினை உறும விடுவதால் பிரயோஜனமில்லை. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோந்த்வா எலிகளின் சாமர்த்தியத்தை நான் நன்கறிவேன்!

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்க வேண்டும். டீசல் பாதி டாங்கிற்குக் கீழே இறங்கலாகாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது பெட்ரோல் பங்கும் ஏ.டி.எம்.மும் கைவிட்டதை நம் உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகவே கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் வண்டியில் இருக்கட்டும்.

தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். உணவில் அடுப்பு வேண்டாதவையே உத்தமம்: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை. அவலை நனைத்து வெல்லம் போட்டால் குழந்தைகளும் சாப்பிடும். கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கக் கூடாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விட்டு உள்ளே தூங்கவும் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

இனி, போகக் கூடாத வேளை. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே பல கார்களை மிதக்க வைக்கும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும். என் வண்டி கனமானது என்று நினைப்பவர்களுக்கும் இதேதான். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியை விட்டு மேட்டுக்குப் போய் 112-ஐ அழைப்பதே சரி.

2021 ஜூலையில் ஊருக்குப் போகும் வழியில் இது எங்களுக்கு உதவியது. கோலாப்பூர் அருகே பஞ்சகங்கை வெள்ளம் ஏறி பெங்களூர் நெடுஞ்சாலை மூடப்பட்டது. 2019 ஆகஸ்டிலும் அங்கே அப்படித்தான் ஆயிற்று. கராடு தாண்டியதும் செய்தி கிடைத்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போமே என்று எனக்கு ஆசைதான். மனைவி விடவில்லை. மேட்டிலிருந்த ஒரு தாபாவின் மைதானத்தில் ஒதுங்கி இரண்டு இரவு தங்கினோம். பக்கத்தில் நின்ற லாரி டிரைவருக்கும் எங்கள் தண்ணீரில் பங்கு போயிற்று.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒத்திகை. மனைவி திடீரென்று விசில் ஊதுவாள். மருந்து டப்பா, கண்ணாடி, ஆதார், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களுடன் எல்லோரும் ஏறி, வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். சென்ற மாதம் 19 நிமிடம் ஆயிற்று. அதில் நாலு நிமிடம், மூக்குக் கண்ணாடியை நான் தேடியது.