மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?



கழுகுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போன மார்கழியில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கடன் பதிவேட்டைப் புரட்டினால், 'விவசாயச் செலவு' என்று உள்கடன் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பணத்தை மருந்துக் கடைப் பாக்கிக்குக் கட்டியிருக்கிறார்கள். "இலை சுருண்டு போச்சுன்னு சொன்னோம், ஒரு டப்பா கொடுத்தாங்க. கேக்கல. வேற டப்பா கொடுத்தாங்க. இப்ப நாலாவது ஓடுது அக்கா" என்றார் ஒரு சகோதரி. இலை மேல்பக்கமாகச் சுருண்டதா, கீழ்ப்பக்கமாகச் சுருண்டதா என்று கேட்டோம். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், சில வருடங்களுக்கு முன்பு எங்களுக்கும் தெரியாது.

அதனால் இந்த மாதப் பாடம் மிளகாய்ச் சுருட்டை.

இலையின் ஓரம் மேல்நோக்கி மடங்கி, படகு மாதிரி இருந்தால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மஞ்சளாக, நூல் துணுக்கு போல ஓடுவதுதான் அது. மழை நின்று வெயில் காய ஆரம்பித்ததும் இது பெருகும். நல்ல மழை ஒன்று பெய்தால் குறைந்துவிடும். கரிசல் மானாவாரியில் மார்கழி, தை மாதங்களில் சுருட்டை கூடுவதற்கு இதுதான் காரணம்.

இலை கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல மடங்கி, காம்பு நீண்டிருந்தால் அது சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். எட்டுக்கால் உயிர் என்பதால் எல்லாப் பூச்சிமருந்துக்கும் இது சாகாது. அதைவிட மோசம் என்னவென்றால், சைபர்மெத்ரின் போன்ற மருந்தை அடித்தால் சிலந்திப்பேனைத் தின்கிற உயிர்கள் செத்து, சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகிவிடும். 'அடிக்க அடிக்கச் சுருளுது' என்று நம் சகோதரிகள் சொல்வது பொய்யில்லை. இதற்கு நனையும் கந்தகம் கேட்கும். அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, செடி முழுக்கக் குறுகி, இலை சிறுத்து, நரம்பு தடித்துக் கொத்தாக நிற்பது. இது வெள்ளை ஈ கொண்டுவருகிற நச்சுயிரி நோய். இதைக் குணமாக்க எந்த மருந்தும் இல்லை. ஆரம்பத்திலேயே அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைப்பது ஒன்றுதான் வழி. பச்சைச் செடியைப் பிடுங்க மனசு வராது, தெரியும்.

சந்தேகம் என்றால் இலையைக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டலாம். நம் கே1, கே2 மிளகாய் ரகங்கள் வந்தது அங்கிருந்துதான்.

செடியில் இருக்கிற எல்லாமே எதிரி இல்லை. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலை போல ஊர்கிற புழுவைப் பார்த்ததும் நசுக்கிவிடுகிறோம். அது பொறிவண்டின் குட்டி. அசுவினியைத் தின்கிறது. சின்ன உயிர்தானே என்று நினைக்காதீர்கள். 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவந்த, கொசுவைவிடச் சின்னக் குளவி ஒன்றுதான் அதை அடக்கியது. அதற்கு நேர்மாறாக 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளில் புதுவகைக் கருப்பு இலைப்பேன் பூவுக்குள் புகுந்தபோது, மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. கடனோடு செடியைப் பிடுங்கியவர்கள் உண்டு.

சரி, நாம் என்ன செய்வது? வேலை ஐப்பசியில் இல்லை, இப்போதே ஆனியில் இருக்கிறது. வேப்பம்பழம் விழும் காலம் இது. பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் காற்றோட்டமாக வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நாங்களே ஒரு வருடம் பழைய விதையை வாங்கிக் கொடுத்துவிட்டு, "வேம்பு வேலை செய்யல" என்ற பெயரை வாங்கிக்கொண்டோம். எட்டுப் பத்து மாதத்துக்கு மேற்பட்ட விதை வேண்டாம்.

தெளிக்கும் நாளுக்கு முந்தின இரவு, 5 கிலோ வேப்பம்பருப்பை மெதுவாக இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். விதையாக எடுத்தால் ஓட்டின் எடைக்கும் சேர்த்துக் கூடுதலாக எடுக்க வேண்டும். காலையில் கட்டையால் பால் போல வரும்வரை கலக்கி, துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். உப்புத் தண்ணீர் ஆகாது. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலை நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும். 10 லிட்டர் டேங்க் என்றால் பத்து டேங்க். தண்ணீர் சுமப்பது யார் என்று உங்களுக்கே தெரியும், அதனால் அந்த வேலையை வீட்டு ஆண்களோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வேம்பு பூச்சியை உடனே கொல்லாது. தின்னவிடாது, வளரவிடாது. முதல் பத்துச் செடி சுருளும்போதே அடித்தால் பலன் தெரியும். காடு முழுக்கச் சுருண்டபின் அடித்துவிட்டு வேம்பைத் திட்டக் கூடாது.

இன்னொன்று, மிளகாய் விதைப்பதற்கு முன்பே வரப்போரம் இரண்டு வரிசை சோளம் நெருக்கி விதைத்துவிடுங்கள். காற்றில் வருகிற இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் கொஞ்சம் தடுக்கும். மாட்டுக்குத் தட்டையும் ஆச்சு.

ஆடிக் கூட்டத்தில் ஒவ்வொரு குழு ஊக்குநரும் உறுப்பினர்கள் சேர்த்த வேப்பவிதையின் எடையைப் பதிவேட்டில் எழுதி வாருங்கள். லென்ஸும் வெள்ளைத்தாளும் நாங்கள் கொண்டுவருகிறோம்.