ஒருகொடவத்தையை வரைபடத்தில் தேடியபோது

ஒருகொடவத்தை என்ற பெயரில் உள்ள ‘ஒரு’ தமிழ்ச் சொல் என்றே நான் பல காலம் நினைத்திருந்தேன். ஏதோ ஒரு தோட்டம் என்று பொருள் கொண்டு திருப்தியும் அடைந்திருந்தேன். சிங்களத்தில் ‘ஒரு’ என்றால் வள்ளம். ‘கொட’ என்பது மேட்டுக்கரை, ‘வத்த’ என்பது தோட்டம். கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கும் எங்கள் ஊரின் பெயருக்குள் வள்ளம் எப்படி வந்தது? உயர்தரப் புவியியல் வகுப்பில் இடவிளக்கப் படம் வாசிக்கத் தொடங்கிய பிறகே இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அதே நாட்களில் வீட்டில் வேறொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஆறு பேர்ச்சஸ் காணி விலைக்கு வந்திருந்தது. ராத்தாவுக்கு வீடு கட்ட அதை வாங்கலாம் என்று வாப்பா அச்சாரப் பணத்தையும் ஆயத்தப்படுத்திவிட்டார். விலை மலிவு. ஏன் மலிவு என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஆசிரியையிடம் பழைய ‘ஓர் அங்குலத் தாள்’ ஒன்றின் பிரதி இருந்தது. 1800 இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் 1897 முதல் 1924 வரை முழு இலங்கையையும் 72 தாள்களில் இந்த அளவுத்திட்டத்தில் வரைந்தது. தாளில் ஓர் அங்குலம் தரையில் ஒரு மைல், அதாவது 1:63,360. இன்று நாம் வகுப்பில் பயன்படுத்துவது 1:50,000. இரண்டையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடியாது. 63,360 ஐ 50,000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.27 வரும். ஆகவே பழைய தாளை 127 வீதத்துக்குப் பெருப்பித்துப் போட்டோப்பிரதி எடுத்து, அதை டிரேசிங் தாளில் வரைந்து, புதிய தாளின்மேல் வைத்தேன்.

முதல் முறை எங்கள் வீடு களனி கங்கைக்குள் விழுந்தது! நான் பாலத்தை அடையாளப் புள்ளியாக எடுத்ததுதான் பிழை. பாலத்துறையில் 1822 இல் வள்ளங்களைப் பிணைத்துப் பாலம் அமைத்தார்கள். 1895 இல் அதற்குப் பதிலாக இரும்பாலான விக்டோரியா பாலம் வந்தது. 1959 இல் புதிய களனிப் பாலம் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது. 2021 நவம்பரில் கல்யாணி பொன் நுழைவாயில் திறக்கப்பட்டது. பாலங்கள் இப்படி இடம் மாறும். 1860களில் போடப்பட்ட பிரதான ரயில் பாதை அவ்வளவு எளிதில் மாறாது. ரயில் பாதையையும் பழைய வீதிச் சந்திகளையும் பொருத்திய பிறகே இரண்டு தாள்களும் ஒத்து வந்தன. இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்பும் தங்கைமார் பாலத்தை நம்ப வேண்டாம்.

பொருத்திப் பார்த்தபோது கண்டது இதுதான். பழைய தாளில் வீடுகள் வீதியோரமாக மெல்லிய கோடுபோல ஓடுகின்றன. அந்தக் கோட்டுக்கு அப்பால் கொலன்னாவைப் பக்கம் வயலும் சதுப்புக் குறியீடும் நீர் ஓடைகளும். புதிய தாளில் அந்த இடங்களில் வீடுகள், களஞ்சியங்கள், வட்டவட்டமான எண்ணெய்த் தாங்கிகள். (1995 ஒக்டோபர் 20 இல் தாக்கப்பட்டு எரிந்த அதே தாங்கிகள்தான். அந்தப் புகையைப் பற்றி உம்மா இன்றும் சொல்வார்.) சமவுயரக் கோடுகள் இங்கே உதவவில்லை. 1:50,000 தாளில் அவை 20 மீற்றருக்கு ஒன்று. எங்கள் பகுதி முழுவதும் முதலாவது கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. இந்தப் பகுதியில் குன்று என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. அது மீதொட்டமுல்லையில் நாமே குப்பையால் எழுப்பியது. 2017 ஏப்ரல் 14 இல் அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனால் எங்கள் ஒழுங்கை வயலா, மேடா? தாள் அதைச் சொல்லவில்லை. பழைய தாளில் அரை மில்லிமீற்றர் பென்சில் கோடு தரையில் 30 மீற்றருக்கு மேல். எங்கள் ஒழுங்கையே அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும்.

அப்போதுதான் உம்மா அலுமாரியிலிருந்து எங்கள் வீட்டு உறுதியை எடுத்துத் தந்தார். காணியின் பெயர் ‘கும்புர’ என்று முடிந்திருந்தது. கும்புர என்றால் வயல். வடக்கு எல்லைக் காணியின் பெயர் ‘ஓவிட்ட’ என்று முடிந்தது. வயலை அடுத்த மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். வாப்பா விலை பேசிய காணியின் உறுதிப் பிரதியையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அதுவும் கும்புரதான். அறுவடை நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் உறுதியில் அது வயலாகவே இருக்கிறது.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எனக்கு எட்டு வயது. கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எங்கள் ஒழுங்கையும் நீருக்குள் இருந்தன. புத்தகப்பை மிதந்ததும், வெள்ளவத்தையில் சாச்சி வீட்டில் பாயில் வரிசையாகப் படுத்ததும் நினைவிருக்கின்றன. மண் கொட்டி உயர்த்திய புது வீடுகளுக்குள் நீர் கணுக்கால் அளவுதான் வந்தது. பழைய வீடுகளில் கட்டில் மூழ்கியது. இதை நினைவுபடுத்தியபோது வாப்பா, “நாங்களும் ரெண்டு அடி மண் போட்டு உயர்த்தினால் சரிதானே மகள்?” என்றார். “அந்த ரெண்டு அடித் தண்ணி எங்கே போகும் வாப்பா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டிரேசிங் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் வீடு அந்தக் காணிக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது.

தாழ்நிலங்களை நிரப்பி மீட்பதற்கென்றே 1968 இல் அரசாங்கம் ஒரு சபையை அமைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018 இல், எஞ்சிய சதுப்பு நிலங்களுக்காகவே கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. இரண்டும் ஒரே நகரத்தின் கதைதான்.

டிரேசிங் தாள் இப்போது எங்கள் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் தங்கள் ஒழுங்கையை அதில் தேடுகிறார்கள். ராத்தா மேட்டுப் பக்கத்தில், வீதியோரமாக, மூன்று பேர்ச்சஸ் கிடைத்தாலும் போதும் என்கிறார். தரகர் நேற்றும் அழைத்தார். அச்சாரப் பணம் இன்னும் அலுமாரியில்தான்.