எலுமிச்சையில் பச்சைப் பூசணம்: ஓமமும் கிராம்பும் காக்குமா?

"டாக்டர், ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சேன். நாலு நாள்ல ஒண்ணு பச்சையாப் பூத்துடுச்சு. அந்த இடத்தை மட்டும் நறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தைப் பிழியலாமா?" சாமல்பட்டிப் பக்கத்துத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

கூடாது. சாறுள்ள பழத்தில் பூசண இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் ஜூஸ் போடும்போது இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

பூசணம் நுழையும் வாசல்

பச்சைப் பூசணத்தின் பெயர் பெனிசிலியம் டிஜிடேட்டம். நீலப் பூசணம் பெனிசிலியம் இடாலிகம். காயமில்லாத தோலை இவை துளைப்பதில்லை. பறிக்கும்போது பட்ட முள் கீறல், மூட்டையில் நசுங்கிய இடம், இவைதான் வாசல். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பழமானாலும் சரி, வீட்டு மரத்துப் பழமானாலும் சரி, விதி ஒன்றுதான்.

எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலேயே சிட்ரால் என்ற பூசண எதிரி இருக்கிறது. காயாக இருக்கையில் அதிகம். நாளாக ஆகக் குறையும். பழைய பழம் சீக்கிரம் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அஞ்சறைப்பெட்டியின் பலம்

ஓமத்தில் தைமால் (நாங்கள் ஓம உப்பு என்போமே, அதுதான்), கிராம்பில் யூஜினால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு உள்ளன. இவை பூசணத்தின் செல் உறையைச் சிதைத்து அதன் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இமாசாலில் போன்ற ரசாயனங்களுக்கு அடங்காத பூசணங்கள் பெருகியதால், பழத்தின் மேல் பூசும் மெழுகில் இந்த எண்ணெய்களைக் கலந்தும் சோதித்திருக்கிறார்கள்.

அதற்காகக் கிராம்புத் தைலத்தை நேரே பழத்தில் தடவாதீர்கள். அளவு மிஞ்சினால் தோல் கருகும், வாடையும் ஒட்டிக்கொள்ளும். கூடையில் ஓம முடிச்சு வைத்தால் போதுமா என்றால், போதாது. முழு ஓமத்திலிருந்து வரும் ஆவி சொற்பம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. காம்புடன், கீறலில்லாத பழமாக வாங்குங்கள்.

2. ஈரம் துடைத்து வையுங்கள். கழுவுவது உபயோகிக்கும்போது போதும்.

3. கீறல் பட்டதை அன்றே பிழிந்துவிடுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள்; குளிரில் பூசணம் மெதுவாகத்தான் வளரும்.

4. பூத்த பழத்தை உதறாமல், காகிதத்தில் சுற்றி எறியுங்கள். அந்தப் பச்சைத் தூள் முழுக்க விதைத்தூள். பறந்து போய் அடுத்த பழத்தில் கீறல் தேடும்.

5. கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே புதுப் பழம் போடுங்கள்.